வண்டியின் வயிற்றுவலியை செல்போன் சொல்லுமா?

‘‘சூளகிரி பக்கம் மூன்றரை ஏக்கரில் தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிறோம். வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு லோடு வண்டியும் வைத்து ஓட்டுகிறார். மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். வண்டியிலிருந்து தகவலை எடுத்து, எப்போது ஆயில் மாற்ற வேண்டும், எந்தப் பாகம் பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே செல்போனில் சொல்லும் செயலி ஒன்றைச் செய்யப் போகிறானாம். அதற்காக வேலையை விட்டுவிட்டு, இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறான். என் நகையை அடகு வைத்தால்தான் அந்தப் பணம் புரளும். இது நடக்கிற காரியமா, இல்லை யாராவது பிள்ளையை ஏமாற்றுகிறார்களா? பெயர் போட வேண்டாம்.’’

– ஒரு வாசகி, சூளகிரி.

அம்மா, நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். அவனை யாரும் ஏமாற்றவில்லை. வண்டியிலிருந்து தகவல் எடுக்க முடியும் என்பது உண்மைதான். எந்த வண்டியிலிருந்து, என்ன தகவல், அது யாருக்கு உபயோகம் என்பதில்தான் கொஞ்சம் விவரம் இருக்கிறது.

கடிதத்தில் கொடுத்திருந்த எண்ணில் உங்கள் மகனோடு பேசினேன். ‘எதுக்குத் தம்பி இந்த யோசனை வந்துச்சு?’ என்று கேட்டதும், ஆப், சர்வர் என்றெல்லாம் ஆரம்பிக்காமல், போன வருடம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொன்னான். நீங்கள் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. ராயக்கோட்டை மண்டியில் விலை சரியில்லை என்று அறுபது கிரேடு தக்காளியை ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்காரர் கோயம்பேட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். ஆம்பூர் தாண்டும்போது வண்டி கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸின் கிளிப் தளர்ந்து, வழி நெடுக கூலன்ட் ஒழுகியிருக்கிறது. டாஷ்போர்டில் வெப்பமானி முள் வேலை செய்து பல மாதம் ஆகிவிட்டதாம். ஒரு டீ, ஒரு வடை விலையில் வாங்கக்கூடிய கிளிப்பால் ஹெட் கேஸ்கெட் போனது. விடிகிற வரை வேறு வண்டி கிடைக்கவில்லை. மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்த தக்காளியை மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். ‘அப்பா அன்னைக்கு ரோட்டுல உக்காந்துட்டு இருந்தாரு சார். வண்டி முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்’ என்றான்.

அதைக் கேட்ட பிறகு போனிலேயே பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். அன்று நீங்கள் கொத்தமல்லிக் கட்டு போட ஆள் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள் என்றார்கள். ஆகவே அன்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் தெருவில் நடந்தது மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.

முதலில், தகவல் எங்கிருந்து வருகிறது? ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு மேலே கையை விட்டுப் பார்த்தால் பதினாறு துளையுள்ள ஒரு பிளக் இருக்கும். ஓ.பி.டி. போர்ட் என்பார்கள். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டுவது இதில்தான். புகை மாசைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று யார் வேண்டுமானாலும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்பதற்காக, அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் பி.எஸ்-4 வண்டிகளுக்கு 2010-ல் முதல் நிலையும், 2013 ஏப்ரலிலிருந்து இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6. ஆக, ஓரளவு புதிய கார், லோடு வண்டி எதுவானாலும் இந்தப் பிளக் இருக்கும்.

இதில் மாட்டுகிற தீப்பெட்டி அளவு கருவிக்கு டாங்கிள் என்று பெயர். அது ப்ளூடூத் வழியாக செல்போனோடு பேசும். கனடாவில் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் வடிவமைத்த ஒரு சிப்தான் இதற்கெல்லாம் மூலம். அதைப் பார்த்துக் காப்பியடித்தவைதான் இன்று கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை. மூல நிறுவனத்தை 2022-ல் மூடிவிட்டார்கள், போலிகள் நன்றாக விற்கின்றன.

வண்டி பேசுவது எண்களில். உதாரணமாக, இன்ஜின் கூலன்ட்டின் வெப்பத்தை 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகச் சொல்லும். அதில் 40-ஐக் கழிக்க வேண்டும். வண்டி 130 என்றால் 90 டிகிரி, 155 என்றால் 115 டிகிரி, அதாவது ஓரம் கட்ட வேண்டிய நேரம். இதேபோல இன்ஜின் சுழற்சி, வேகம், இன்ஜின் மீதுள்ள பளு, மின்னழுத்தம் எல்லாம் வரும். ஏதாவது கோளாறு என்றால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கமுமாகக் குறியீடு பதிவாகும். பி 0217 என்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பி 0524 என்றால் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது. இந்த எண்களைப் படித்து நம் மொழியில் சொல்வதுதான் செயலியின் முதல் வேலை. உங்கள் மகன் அந்த அளவுக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறான். ‘பி 0217’ என்று காட்டாமல் ‘இன்ஜின் கொதிக்குது, ஓரமா நிறுத்து, ரேடியேட்டர் மூடியைத் தொறக்காத’ என்று அவனுடைய குரலிலேயே பேச வைத்திருக்கிறான். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவனுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

தெருவில் எட்டு வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். மூன்று பழைய வண்டிகள், அவற்றில் பேசுவதற்கு எதுவுமே இல்லை. மீதி ஐந்தில் ஒன்று டாங்கிளோடு பேச மறுத்தது. மலிவான டாங்கிள்களில் இது சகஜம். நான்கு வண்டிகள் பேசின.

முதல் வண்டிக்காரர் மைலேஜ் குறைந்துவிட்டது, காலையில் புகை வருகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தோம். அரை மணி நேரம் ஓடியும் கூலன்ட் 62 டிகிரியைத் தாண்டவில்லை. குறியீடு பி 0128 பதிவாகியிருந்தது. இன்ஜின் தன் வழக்கமான வெப்பத்துக்கு வரவே இல்லை என்று அர்த்தம். ‘தெர்மோஸ்டாட் இருக்கா?’ என்று கேட்டேன். சிரித்தார். ‘போன வருஷம் ஒரு தடவ சூடாச்சு சார். மெக்கானிக் அதக் கழட்டிப் போட்டுட்டாரு. இனிமே கொதிக்கவே கொதிக்காதுன்னாரு.’

நம் ஊரில் இது பெரிய வியாதி. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற கதவு. கதவைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிரிலேயே ஓடும். டீசல் சரியாக எரியாது, ஆயிலில் ஈரம் சேரும், தேய்மானம் கூடும். முதலில் வண்டி ஏன் சூடானது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்காமலே போய்விடும். சில நூறு ரூபாய் தெர்மோஸ்டாட்டை மிச்சம் பிடித்து, ஒரு வருடம் டீசலாகக் கொட்டியிருக்கிறார். மறுவாரமே புதிதாக மாட்டிவிட்டதாகப் பேசினார்.

இரண்டாவது வண்டி பி.எஸ்-6 டீசல். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து ஒரு மாதம் ஆகிறது. குறியீடு பி 2463, கரிவடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். புதிய டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடும்போது தானாகவே எரித்துவிடும். இவருடைய வண்டி தோட்டத்திலிருந்து சூளகிரி மண்டிக்குப் போய் வருவதோடு சரி, ஒரு நடைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறார். கரி எரிய வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்டவர்கள் வாரம் ஒரு முறை நான்கு வழிச்சாலையில் ஏறி, நிறுத்தாமல் இருபது நிமிடம் போல சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எத்தனை நிமிடம், எந்த வேகம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். விளக்கு சிவப்பாகிவிட்டாலோ, வண்டி இழுவையே இல்லாமல் முடங்கினாலோ இந்த வைத்தியம் வேண்டாம், நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடுகிறேன் என்று கிளம்புகிற ஆட்களிடம் மட்டும் சிக்கிவிடாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, வண்டியின் கணக்கும் குழம்பிப்போகும்.

மூன்றாவது வண்டியில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டி, காலையில் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. 11.9 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி 12.6 அளவில் நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்தபின் 14 வோல்ட் வந்தது, ஆகவே ஆல்டர்னேட்டர் சரி, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தச் செயலி உருப்படியாக முன்கூட்டியே சொல்லக்கூடிய விஷயம் இதுதான். தினமும் காலை அந்த எண்ணைக் குறித்து வைத்தாலே, பேட்டரி எந்த மாதம் கைவிடும் என்று ஓரளவு தெரிந்துவிடும். நான்காவது வண்டியில் ஒன்றும் இல்லை. அதன் சொந்தக்காரருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இனி கசப்பான சங்கதி. பேசாத மூன்று பழைய வண்டிகளில் ஒன்று உங்கள் வீட்டுக்காரருடையது. அதில் இந்தப் பிளக்கே கிடையாது. அதாவது, எந்தச் சம்பவத்தை நினைத்து உங்கள் மகன் இதைச் செய்யக் கிளம்பினானோ, அந்த ராத்திரி இந்தச் செயலி இருந்திருந்தாலும் ஆம்பூரில் வண்டி நின்றுதான் போயிருக்கும். இதை அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘தெரியும் சார்’ என்றான்.

அந்த வண்டிக்கு வேண்டியது வேறு. சிலிண்டர் ஹெட்டில் பொருத்துகிற வெப்ப உணரியும், அளவு மீறினால் அலறுகிற பஸ்ஸரும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடையிலேயே பொருத்தித் தருவார்கள். டாஷ்போர்டு முள்ளையும் சரிசெய்யச் சொல்லுங்கள். உணரி தண்ணீரில் மட்டும் முங்கியிருந்தால் ஒரு ஆபத்து இருக்கிறது. கூலன்ட் முழுக்க ஒழுகிப்போய்விட்டால், உணரி வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு, வெப்பம் இறங்கிவிட்டதாகக் காட்டிவிடும். ஆகவே உலோகத்தின் சூட்டை அளக்கும்படி பொருத்துவது நல்லது. முள் திடீரென்று கீழே இறங்கினாலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். உங்கள் மகனின் செயலியிலும் இந்த விதி இல்லை, ‘110-ஐத் தாண்டினால் எச்சரி’ என்று மட்டும்தான் எழுதியிருந்தான். இப்போது சேர்த்துவிட்டான்.

எச்சரிக்கை விஷயத்தில் இன்னொன்றும் சொன்னேன். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோடு ஏற்றிய எந்த வண்டியும் மேலுமலை ஏற்றத்தில் கொஞ்சம் சூடேறத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் செல்போன் அங்கே கத்தினால், மூன்றாவது நாள் டிரைவர் அதை அமுக்கி வைத்துவிடுவார். நான்காவது நாள் உண்மையிலேயே கொதிக்கும். பளு இவ்வளவு, ஏற்றம் இவ்வளவு, இந்த வண்டி வழக்கமாக இங்கே எத்தனை டிகிரி காட்டும் என்பதைப் பழகிக்கொண்டு, அதிலிருந்து விலகினால் மட்டும் வாய் திறக்கிற செயலிதான் டிரைவரிடம் மரியாதை வாங்கும். இதற்கு ஒரே ஊரில், ஒரே சாலையில் ஓடுகிற எட்டு வண்டிகளின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு மேலுமலை தெரியாது, உங்கள் மகனுக்குத் தெரியும். அவனுடைய மூலதனம் அதுதான்.

சரி, வண்டி சொல்லாதது எது? ஆயில் கெட்டுப்போனது தெரியாது. பிரேக் ஷூ தேய்ந்தது, டயர் மொட்டையானது, கிளட்ச் போகப்போவது, வீல் பேரிங் முனகுவது, பட்டை விரிசல் விட்டது – நம் பக்கத்து வண்டிகளில் இவற்றில் எதையும் அந்தப் பிளக் சொல்லாது. உயிரைக் காப்பாற்றுகிற பாகங்கள் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. பல வண்டிகளில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைக்கூட அதன் வழியாக எடுக்க முடியாது. டிரைவர் பார்த்துப் போட வேண்டும். ஆகவே எந்தச் செயலியானாலும் அதில் பாதி நோட்டுப் புத்தகம்தான். எந்த தேதியில் ஆயில் மாற்றினோம், எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன ஆயில், எவ்வளவு செலவு. இதை எழுதி வைக்கிற பழக்கம் இல்லாத வீட்டில் டாங்கிள் மாட்டியும் பிரயோஜனம் இல்லை.

பிளக்கைத் தொடாமல், கம்பெனியே சிம் கார்டோடு கொடுக்கிற வண்டிகளும் வந்துவிட்டன. அதில் நம் மாவட்டத்துக்கே ஒரு பங்கு உண்டு. டி.வி.எஸ். 2018-ல் ப்ளூடூத் இணைப்போடு என்டார்க் ஸ்கூட்டரை இறக்கியது, 2020-ல் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. ஏத்தர் கம்பெனி 2021-ல் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளியில். ஓசூரில் ஆலை வைத்திருக்கிற அசோக் லேலண்ட், லாரிகளுக்கு ஐ-அலர்ட் என்ற வசதியைத் தருகிறது. மஹிந்திரா 2016-ல் டிராக்டர், டிரக்குகளுக்கு டிஜிசென்ஸ் என்று ஆரம்பித்து, 2022-ல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் ஐமேக்ஸ் என்ற வசதியை வைத்தது. வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது, எப்போது சர்வீஸ் என்பதெல்லாம் செல்போனுக்கு வந்துவிடும். வாங்கியவர்கள் பயன்படுத்துங்கள். சும்மா விட்டு வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

ஆனால், இந்தத் தகவல் முதலில் போய்ச் சேர்வது கம்பெனியின் சர்வருக்கு. உங்கள் மகன் போன்ற மூன்றாவது ஆள் எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் கதவைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில், வண்டிச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு பல கம்பெனி வண்டிகளின் தகவலை வாங்கிச் செயலிகளுக்குக் கொடுக்கிற ஸ்மார்ட்கார் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 12 முதல், இணையத்தோடு இணைந்த பொருளை வைத்திருப்பவருக்கு அதன் தகவலைப் பெறும் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது.

இது பட்டணத்துக் கார் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். இதை முதலில் பெரிய சண்டையாக்கியவர்களில் அமெரிக்க விவசாயிகள் முக்கியமானவர்கள். ஜான் டியர் டிராக்டர் அறுவடை நேரத்தில் நின்றுபோனால், கோளாறு என்ன என்று பார்க்கிற மென்பொருள் டீலரிடம் மட்டும்தான் முழுதாக இருந்தது. சொந்தப் பட்டறை வைத்திருந்தும் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அந்தக் கம்பெனி விவசாயிகள் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, 2024 ஜனவரி முதல் அமலாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே கம்பெனி மீது வழக்குப் போட்டது. இங்கேயும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காகக் குழு அமைத்து, விவசாயக் கருவிகளையும் வாகனங்களையும் பட்டியலில் சேர்த்தது. அந்தத் துறையின் பழுதுபார்க்கும் உரிமை இணையதளம் இருக்கிறது. கையேடு, உதிரிபாகம், உத்தரவாத விவரங்களை அங்கே கம்பெனி வாரியாகத் தேடிப் பார்க்கலாம்.

மகனுக்கு ஒரு எச்சரிக்கை. எட்டு வீட்டு வண்டி எந்த ராத்திரி எங்கே நின்றது என்பது அவன் செல்போனில் சேரப் போகிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் இப்படிச் சேர்க்கக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், ஊருக்குள் வண்டி நின்ற இடத்தை வைத்து எத்தனை வீட்டில் சண்டை வரும் என்று நான் சொல்லவா வேண்டும்? இருப்பிடத் தகவலே வேண்டாம், வெப்பம், வோல்ட், குறியீடு போதும் என்றேன். தலையாட்டினான்.

இப்போது பணத்துக்கு வருவோம். இரண்டு லட்சத்துக்கு நகைக்கடன். வட்டி ஆண்டுக்கு 12% என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 24,000, மாதம் 2,000 ரூபாய். ஒரு வண்டிக்கு மாதம் நூறு ரூபாய் வாங்கினால் எட்டு வண்டிக்கு 800. வட்டி கட்டவே இருபது வண்டி வேண்டும். அதற்கு மேல் சர்வர் செலவு, டாங்கிள் செலவு, அவன் விட்டுவிடப் போகிற சம்பளம். ‘முதல் வருஷம் எத்தனை வண்டி சேரும்?’ என்று கேட்டேன். ‘அம்பது’ என்றான். சூளகிரியில் மாதம் நூறு ரூபாய் செயலிக்குக் கொடுக்கிற ஐம்பது பேரின் பெயரை எழுதச் சொன்னேன். பதினொன்றில் நின்றுவிட்டான், அதிலும் நாலு பேர் சித்தப்பா, மாமா முறை. சொந்தக்காரர்களிடம் காசு வாங்குவது எப்படி என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் யோசனை: வேலையை விட வேண்டாம். ஒப்பந்த வேலைதான், நிரந்தரமில்லை என்று அவன் சொல்வது புரிகிறது. ஆனாலும் மாதம் பிறந்தால் வருகிற பணம் அது. இப்போது அவனுக்கு வேண்டியது நான்கு நல்ல டாங்கிள், இரண்டு பழைய செல்போன். அவன் சம்பளத்திலேயே இரண்டு மாதத்தில் வாங்கிவிடலாம். டார்க் போன்ற செயலிகள் பல வருடமாக இருக்கின்றன. அவற்றை வைத்து முதலில் வண்டிகளைப் படிக்கட்டும், அவை எங்கே நமக்கு உதவவில்லை என்று குறிக்கட்டும். வருகிற மாங்காய் பருவம் முழுக்க, கூழ் ஆலைகளுக்கு வண்டிகள் ராப்பகலாக ஓடுகிற அந்த இரண்டு மூன்று மாதம், தெருவிலுள்ள வண்டிகளில் இலவசமாக ஓட்டிப் பார்க்கட்டும். எத்தனை முறை எச்சரித்தது, எத்தனை முறை அது சரியாக இருந்தது, எத்தனை முறை வண்டி சொல்லாமல் நின்றது, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அதில் மூன்றாவது கணக்கை மறைக்கக் கூடாது. அந்த நோட்டைக் கொண்டுபோனால், வண்டிகளை வாடகைக்கு எடுக்கிற கூழ் ஆலையோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பேச வாய்ப்பிருக்கிறது. ஸ்டார்ட்அப் டி.என். நிறுவனத்தின் டான்சீடு போன்ற விதை நிதித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் அதுவே துணையாகும்.

இன்னொன்று, ஊர் மெக்கானிக்கைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செயலி சொல்வதை நம்பி டிரைவர் முதலில் போய் நிற்பது அவரிடம்தான். ‘அதெல்லாம் டூப்பு’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற டிரைவர்கள் நிறைய. மூன்று மொழியிலும் குரல் இருக்கட்டும்.

பருவம் முடிந்ததும் அந்த நோட்டை எனக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் அவன் பணம் கேட்டால், அந்த நோட்டைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நகை உங்களுடையது.

டாங்கிள் வாங்குகிற மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. வண்டியை நிறுத்தியதும் கழற்றி வைத்துவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்தப் பிளக்கில் மின்சாரம் இருக்கும், சில நாளில் பேட்டரியைக் குடித்துவிடும். அடுத்து, செயலியில் ‘கோடை அழி’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்காதீர்கள். விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் வண்டி பதிந்து வைத்திருந்த அடையாளங்களும் அழிந்துபோய், மெக்கானிக் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

‘‘பி.எஸ்-6 லாரிக்கு ஊற்றுகிற யூரியா கரைசல் விலை அதிகமாக இருக்கிறது. வீட்டிலுள்ள யூரியா மூட்டையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன?’’

– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்.

ஊற்றாதீர்கள் ஐயா. அந்தக் கரைசல் 32.5% தூய யூரியாவும், தாது நீக்கிய தண்ணீரும் கலந்தது. வயலுக்கு வருகிற யூரியா வேப்பெண்ணெய் பூசியது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரோ பாத்திரத்திலேயே உப்புப் படிய வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தெளிப்பான் முனை அடைத்து, புகையைச் சுத்தம் செய்கிற வினையூக்கி பாழாகும். அதன் விலையைக் கேட்டால் யூரியா விலை மறந்துவிடும். மானிய உரத்தை வண்டிக்குப் பயன்படுத்துவது குற்றமும்கூட. மூடி சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

‘‘புதிதாக 45 ஹெச்.பி. டிராக்டர் வாங்கியிருக்கிறோம். இதிலும் டாங்கிள் மாட்டிப் பார்க்க முடியுமா?’’

– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை.

பெரும்பாலும் முடியாது. 2023 ஜனவரியில் வந்த புதிய மாசு விதி 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். அதற்குக் கீழே உள்ளவற்றில் பழைய முறை டீசல் பம்புதான் அதிகம். உங்களுக்கு மணி மீட்டர் போதும். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். கதிரடிக்கும் இயந்திரத்தை மாட்டி ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்றாலும் இன்ஜினுக்கு அது வேலைதான். கையேட்டில் எத்தனை மணிக்கு ஒருமுறை ஆயில் என்று இருக்கிறதோ, அந்த எண்ணையும் கடைசியாக மாற்றியபோது மீட்டர் காட்டிய எண்ணையும் மட்கார்டின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். புழுதி உழவு நடக்கிற நாட்களில் ஏர் கிளீனர் கிண்ணத்திலுள்ள ஆயிலை தினமும் காலையில் பாருங்கள். சேறுபோல இருந்தால் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, கோடு வரை புதிதாக ஊற்றுங்கள்.